நற்கருணைக்கு எழாதவர்கள்

நவம்பர் 26, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் மெஷினில் தண்ணீர் வராததைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். ஒரு ஜோடி லென்ஸ் கருகிப் போயிற்று. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. முன்பெல்லாம் ஒரு திருகாணி உருண்டாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆகஸ்டில் நான் மகனைப் பறிகொடுத்ததிலிருந்து என்னிடம் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். இந்த நல்லதனம் எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் என்னைத் திட்டினால் தேவலை.

ஞாயிறு முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலம் என்பார் ஃபாதர். எனக்கு இனி யார் வரவேண்டியிருக்கிறது?

டிசம்பர் 1, ஞாயிறு

பீடத்துக்கு ஊதாத் துணி போட்டுவிட்டார்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் வழக்கம்போல முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகனின் அடக்கப் பூசையிலிருந்தே இப்படித்தான். பரலோக மந்திரத்தில் பிறரைப் பொறுப்பதுபோல எங்களைப் பொறுத்தருளும் என்ற வரி வந்ததும் என் வாய் பூட்டிக்கொள்கிறது. பொறுக்காதவள் எப்படிப் போய் கையை நீட்டுவது? என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து போகிறார்.

இன்று பெஞ்சுகள் காலியானபோது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கடைசி பெஞ்சில் இன்னொருத்தியும் எழாமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு டீச்சர்! பாடகர் குழுவை நடத்தியவள், இப்போது வாயே திறப்பதில்லை. அவள் மகன்தான் குடித்துவிட்டு பைக் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் பிள்ளை, எலும்பும் தோலுமான என் தொத்தல். என் தொத்தல் ரோட்டிலேயே போய்விட்டான். அவள் மகன் காலில் கம்பி வைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

இரண்டும் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்ற கழுதைகள்.

அவள் ஏன் எழவில்லை? என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளா? துக்கத்தில்கூடப் போட்டியா?

டிசம்பர் 25, புதன்

பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தம் செய்ய எல்லோரும் போனார்கள். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். வந்ததும் மூக்கைச் சிந்தி, "நல்லவங்களத்தான் அண்ணி கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கிறாரு" என்றாள்.

"அப்ப உனக்கு நூறு வயசு கேரண்டி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! சிரித்தவர் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. நாத்தனார் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். பாவம், அவளுக்கும் வேறென்ன சொல்லத் தெரியும்?

சாயங்காலம் அவரிடம் கேட்டேன், எப்படி உங்களால் நற்கருணைக்கு எழுந்து போக முடிகிறது என்று. "முடியல. அதான் போறேன்" என்றார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன். பேசுவது குறைவு. பேசினால் இப்படி எதையாவது சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். மண்ணுக்குத்தான் திரும்புவாய் என்று சொல்லி நெற்றியில் பூசினார் ஃபாதர். எனக்குத் தெரியாதா? என் கையால்தானே குழியில் ஒரு பிடி போட்டேன்.

வெளியே வாசல் தூணருகே அவன் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தான், டீச்சர் மகன். அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறான். பூசை முடியும்வரை வெயிலிலேயே நிற்கிறானாம், உள்ளே வருவதில்லையாம். அவன் நெற்றியில் சாம்பல் இல்லை. என்னைக் கண்டதும் கும்பிடுவதா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது. நான் சுவரைக் கடப்பதுபோல் கடந்து வந்தேன்.

அவன் மெலிந்திருந்தான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தவக்காலம் முடியப்போகிறது, போய்த் தொலை என்று நானே என்னைத் தள்ளிக்கொண்டு.

"பொறுக்க முடியல ஃபாதர்" என்றேன்.

"பொறுக்கணும்னு ஆசையாவது இருக்காம்மா?"

"இல்ல."

வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "சரி, அந்த ஆசை வரணும்னாவது ஆசைப்பட முடியுமா?"

"அத வேணா யோசிக்கிறேன்" என்றேன். கடையில் ஃபிரேம் விலை கேட்டுவிட்டு நழுவுகிறவர்கள் சொல்வதும் இதுதான். பாவமன்னிப்பு சொல்வாரோ மாட்டாரோ என்று காத்திராமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. பீடத்தில் துணியில்லை, மெழுகுவர்த்தியில்லை, நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் கோவில் என் வீடு மாதிரி இருந்தது. யாரும் என்னைச் சந்தோஷப்படச் சொல்லவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 20, பாஸ்கா ஞாயிறு

நேற்றிரவு நடந்த உயிர்ப்புத் திருவிழிப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

விளக்கையெல்லாம் அணைத்து, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பக்கத்து ஆள் பக்கத்து ஆளுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றவைக்க வேண்டும். கூட்டம் நெருக்கியடித்தது. அவர் எங்கோ முன்னால் போய்விட்டார். இருட்டில் ஒரு கை என் பக்கம் சுடரை நீட்டியது. நான் என் மெழுகுவர்த்தியைச் சாய்த்தேன், பற்றியது. வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தால், பாட்டு டீச்சர்.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். அவள் மெழுகுவர்த்தி சாய்ந்து மெழுகு என் விரலில் சொட்டியது.

ஊதி அணைத்துவிட்டேன்.

கோவில் முழுக்க வெளிச்சம். என் கையில் மட்டும் புகை. பக்கத்தில் ஒரு பெரியவர், பாவம், அணைந்துவிட்டதென்று நினைத்துத் தன்னுடையதை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். தவக்காலம் நாற்பது நாளும் பாடாமல் மூடிவைத்த அல்லேலூயாவை எல்லோரும் தொண்டை கிழியப் பாடினார்கள். அவள் பாடவில்லை.

நான் என்ன செய்துவிட்டேன்? உயிர்ப்புச் சுடரை வாயால் ஊதினேனே. அவள்மேல் கோபம்னா அவள்மேல காட்டணும், அது யாரோட நெருப்பு? ஐயோ, எனக்கு என்ன ஆகிக்கிட்டிருக்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஃபாதர் அறிவிப்பில் சொன்னார். பாஸ்கா காலத்துக்குள் ஒரு தடவையாவது நற்கருணை வாங்க வேண்டும், அது திருச்சபைக் கட்டளை. ஜூன் 8, பெந்தக்கோஸ்து திருநாள் வரைக்கும் நேரமிருக்கிறது என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லோருக்கும் சொல்லியிருப்பார். குற்றமுள்ள நெஞ்சு.

மே 8, வியாழன்

கடையில் மத்தியானம் ஆளில்லாத நேரம். கதவு திறந்து பாட்டு டீச்சர் உள்ளே வந்தாள். நான் எழக்கூட இல்லை.

"பொறுத்துக்கச் சொல்லிக் கேக்க வரலக்கா. கண்ணு தெரியல, அதான் வந்தேன்" என்றாள். கண் டாக்டர் சீட்டை நீட்டினாள். படிக்கிற பவர் ஏறியிருந்தது. எங்கள் கடைதான் பக்கத்தில் என்றாள். பொய். அவள் வீட்டுக்குக் கீழேயே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது.

வாடிக்கையாளரை விரட்டினால் முதலாளி என்ன சொல்வார்? ஃபிரேமை எடுத்து மாட்டிப் பார்த்தேன். இடது காதுப் பக்கம் தூக்கி நின்றது. சூடுகாட்டி வளைத்து மறுபடி மாட்டினேன். இந்த வேலையில் முகத்தைத் தொடாமல் இருக்க முடியாது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் பழைய கண்ணாடியின் தழும்பு. தலைமுடி வேரில் முழுக்க நரை. என்னைவிட ஆறேழு வயது இளையவள்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "நீங்க ஏன் நற்கருணைக்கு எழுந்திரிக்கிறதில்ல?"

கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "உங்க வீட்டுப் பிள்ளைய எடுத்தது எங்க வீடு. நீங்க பட்டினியா உக்காந்திருக்கும்போது நான் எப்படிக்கா போய் வாங்குவேன்? நீங்க வாங்குற அன்னிக்கு வாங்கிக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "இதையும் என் தலையில கட்டுறீங்களா டீச்சர்? உங்க ஆத்துமாவுக்கும் நான்தான் பொறுப்பா?" என்று கத்தினேன். அவள் எழுந்து, "லென்ஸ் எப்ப வரும்?" என்றாள். "செவ்வாய்க்கிழமை" என்றேன்.

இதுவரை என் பட்டினி என்னோடு என்று இருந்தேன்.

மே 13

அவள் லென்ஸை நானேதான் அரைத்தேன். கண்ணாடியை வாங்க அவள் மகன் வந்தான். முதலாளியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

மறுபடி பாவசங்கீர்த்தனம், அதே வலைத்தட்டி. எல்லாவற்றையும் கொட்டினேன். சுடரை ஊதியது, அவன் மெலிந்ததில் சந்தோஷப்பட்டது, கடையில் கத்தியது.

"இப்ப ஏம்மா வந்தீங்க?"

"எனக்காக இல்ல ஃபாதர். நான் வாங்கலன்னா ஒருத்தி பட்டினி கிடக்கிறா. அவன இன்னும் பொறுக்கல. பொறுத்துட்டேன்னு பொய் சொல்ல வரல. ஆனா பொறுக்கணும்னு இருக்கு. கொஞ்சமா இருக்கு."

பாவமன்னிப்பு சொன்னார். அபராதம் ஒரேயொரு பரலோக மந்திரம். முழுசாச் சொல்லணும், ஒரு வரியும் விடக்கூடாது என்றார். முழந்தாளிட்டு ஆரம்பித்தேன். அந்த வரியில் நாலு தடவை நின்றேன். ஐந்தாவது தடவை சொன்னேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

ஜூன் 9, திங்கள்

பாஸ்கா காலம் நேற்றோடு முடிந்தது. இன்று பொதுக்காலம், பச்சைத் துணி. கடைக்குப் போய் பதினோரு ஜோடி லென்ஸ் அரைத்தேன். தொத்தல் இல்லை. இனியும் இல்லை. இதில் எதுவும் மாறவில்லை.

நேற்று எங்கள் பெஞ்ச் எழுந்தபோது நானும் எழுந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், விழுந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. வாங்கினேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கரையவில்லை. இனிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

பாடகர் குழு நன்றிப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே நான் வெளியே வந்தேன். அவன் வாசல் தூணருகே நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தடியை ஊன்றி ஒதுங்கினான்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குதும்மா."

நல்லா வலிக்கட்டும் என்பதுதான் வாய்வரை வந்தது.

"வெயில்ல நிக்காத. உள்ள போய் உக்காரு" என்றேன்.