உப்புக் கேட்ட கல்

பதிவு: நாள் 31, காலை 6.20
இடம்: நீலி கோள், எட்டாம் ஆறு. தண்ணீர்: மூன்றாம் கோடு. காற்று: சரி. உடம்பு: சரி. வாய்: அதைவிடச் சரி.

எழுதுவது பாம்பன் நம்புத்தாய். வேலை, பவளக்கல் பொறுக்குவது. கடல்பாசி எடுத்துக்கொண்டிருந்தவளை ஆகாயத்தில் ஏற்றி, ஆற்றில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். முங்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். வந்த பிறகுதான் தினமும் எழுதவும் வேண்டும் என்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் படிப்பவர் தலையைச் சாய்த்துக்கொள்ளவும்.

இந்தக் கோளில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அது வற்றி, பவளமெல்லாம் செத்துக் கல்லாகிவிட்டது. அந்தக் கல்லைத்தான் மலையிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது. ஆற்றுத் தண்ணீர் சுத்த நன்னீர், நாக்கில் வைத்தால் சப்பென்று இருக்கும். கல்லை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும், ஒரு நாளைக்கு ஒரு வளையம். அதை எண்ணிக் கடல் செத்த கணக்கைக் கண்டுபிடிப்பது மேட்டு முகாமில் இருக்கும் கௌசல்யா மேடம் பாடு. முங்கிப் பொறுக்குவது என் பாடு.

நான் இருக்கும் இடத்துக்குப் பெயர் கூடு. ஆற்று நடுவில் நாலு கால் ஊன்றி நிற்கும் இரும்புப் பெட்டி. பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. போக வர ஒரே வழி, தலைக்கு மேலே வட்ட மூடி. உள்ளேயிருந்து அதைத் திருக ஒரு சக்கரம். மூச்சுக்கு மேலே நீட்டிய ஒரு குழாய். தண்ணீர் உயரம் பார்க்கக் கூட்டில் கோடு போட்டிருக்கிறது, குழாயின் வாய் ஒன்பதாம் கோட்டில். பனி உருகி வெள்ளம் வருவதற்குள் ஜெரோம் பறக்கும் வண்டியில் வந்து, கொக்கி மாட்டி, என்னைக் கூட்டோடு தூக்கிக்கொண்டு போவான். நாள் 36 என்று பேச்சு.

ஜெரோம் தூத்துக்குடிக்காரன். வந்த முதல் நாளே என்னை மைனி என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து அவன் எனக்குக் கொழுந்தன். கொழுந்தனைக் கேலி செய்ய யார் அனுமதியும் வேண்டியதில்லை. இன்று காலை ரேடியோவில் இப்படி:

“மைனி, சாப்டாச்சா?”
“ஆச்சு கொழுந்தனாரே. ஒங்க ஊரு மக்ரூன் இருந்தா ஒரு பொட்டலம் போட்டு விடுய்யா.”
“இருந்தா நானே திம்பேன். ஒங்களுக்குக் குடுப்பனா?”
“தின்னு, தின்னு. வண்டி ஒன்னயத் தூக்கணுமே, அதையும் பாத்துக்க.”

பதிவு: நாள் 31, மாலை 3.40
தண்ணீர்: மூன்றாம் கோடு.

இன்றைக்குச் சரியான வேட்டை. காலால் தடவிக்கொண்டே போனேன், பெருவிரலில் தட்டியது. பானை அளவு கல். ஒரு மூலை உடையாமல், மேலெல்லாம் நெளிநெளியாகக் கோடு. இடுப்பில் கட்டித் தூக்கி வர உயிர் போய்விட்டது. கூட்டுக்குள் ஊற வைக்கும் தொட்டியில் இறக்கினேன். அழுக்கு தானாகக் கழன்று விழ ஆற்றுத் தண்ணீரில் ஊற வைப்பது வழக்கம். தொட்டியில் வேறெதுவும் சேரக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது.

படம் அனுப்பினேன். முகாமில் ஆறு பேரும் ரேடியோ முன்னால் கூடிவிட்டார்கள். மேடம் குரலே மாறிப்போனது: “நம்புத்தாய், இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் யாருக்குமே கெடைச்சதில்ல!” ஜெரோம் நடுவில் புகுந்தான்: “ஆத்தாடி, என்ன அழகு! மைனிய சொல்லல, கல்லச் சொன்னேன்.”

ஆறு பேர் வாயும் ஆறு பேர் கண்ணும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சமையல் டப்பாவிலிருந்து ஒரு கை கல்லுப்பு எடுத்து, கல்லையும் என்னையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினேன். சுற்றிய உப்பு தண்ணீரில் கரைந்தால்தான் கண்ணும் கரையும். ஆற்றில் போட மூடியைத் திறக்க வேண்டும், ஏற வேண்டும், இடுப்பு வேறு வலி. பக்கத்தில் தொட்டி இருந்தது. தொட்டியிலேயே போட்டுவிட்டேன். கடலில் பிறந்த கல்தானே, உப்பு அதற்குப் புதுசா?

பதிவு: நாள் 32, காலை 6.05
தண்ணீர்: நான்காம் கோடு. காற்று: சரி.

கல் முளைத்திருக்கிறது.

கிண்டல் இல்லை. முளைகட்டிய பயறு மாதிரி, வெள்ளை வெள்ளையாக, விரல்நுனி நீளத்துக்கு. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகி, அதன் மேல் அடுத்தது முளைக்கிறது. காதை வைத்தால் சத்தம் கேட்கிறது. பொரியைத் தண்ணீரில் போட்டால் சடசடவென்று மெல்லிசாக வருமே, அது. தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருக்கிறது. ஒரு கை உப்பையும் கல் தின்றிருக்கிறது.

முகாமுக்குச் சொன்னேன், உப்பையும் சேர்த்தே சொன்னேன்.

“உப்பு சுத்திப் போட்டியளா? கல்லுக்கா?” ஜெரோம் சிரித்துச் சிரித்து இருமினான். “எனக்கு ஒருநா சுத்திப் போட்டியளா மைனி?”
“ஒன் மூஞ்சிக்கு எவன்யா கண்ணு வைக்கப் போறான்?”

மேடம் சிரிக்கவில்லை. அது சாகவே இல்லை, உப்புக்காக இத்தனை காலம் காத்திருந்திருக்கிறது என்றார். தண்ணீரை உடனே வடித்துவிடு, கல்லை உலர விடு என்றார். வடித்தேன். தொட்டித் தண்ணீர் கூட்டுக்கு அடியில் போய் விழும். வெள்ளைத் துணுக்கு கொஞ்சம் அதோடு போனது.

பதிவு: நாள் 32, மதியம் 1.15
தண்ணீர்: நான்காம் கோட்டுக்கு மேல்.

உலரவில்லை. தொட்டி விளிம்பைத் தாண்டி இறங்கித் தரையில் ஓடியிருக்கிறது. ஓடியது எல்லாம் உப்பு இருக்கும் இடத்துக்குத்தான். உப்பு டப்பாவைச் சுற்றி ஒரு கொத்து. நான் படுக்கும் பாயில் ஒரு கொத்து. ஏணிக் கம்பியில் கை பிடிக்கும் இடத்தில் மட்டும்.

அப்புறம் சக்கரம்.

முங்கும் சட்டையை முதல் நாளிலிருந்து மூடிச் சக்கரத்தில்தான் காயப் போடுவேன். இந்தப் பொந்தில் காற்று படும் இடம் அது ஒன்றுதான். ஒரு மாத வேர்வை அதில் ஊறிக் கிடக்கிறது. சட்டையும் சக்கரமும் மூடியின் தாழ்க்கம்பிகளும் இப்போது ஒரே கல். தொங்கிப் பார்த்தேன், மிதித்துப் பார்த்தேன், ஊரில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

ஜெரோமிடம் சொன்னதும் கேலியை விட்டுவிட்டான். “நாளைக்கே வாரேன் மைனி. கொக்கியப் போட்டு அப்பிடியே தூக்கிருதேன். மூடிய மேல வச்சுப் பாத்துக்கிடலாம்.” அவன் கேலி பேசாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதிவு: நாள் 33, காலை 7.30
தண்ணீர்: ஆறாம் கோடு. பனி சீக்கிரம் உருகிவிட்டது என்கிறார் மேடம்.

கல்லுடைக்கும் சுத்தியலால் காலையிலிருந்து அடிக்கிறேன். கொஞ்சம் பெயர்கிறது. அடித்தால் வேர்க்கிறது. வேர்வை சொட்டினால் சொட்டிய இடத்தில் முளைக்கிறது. நான் ஒரு பக்கம் உடைக்கிறேன், நானே மறுபக்கம் வளர்க்கிறேன். பிள்ளை வளர்த்தவளுக்கு இது புது அனுபவம் இல்லை.

புளிப்பு பட்டால் கல் கரையும், ஏதாவது இருக்கிறதா என்று மேடம் கேட்டார். ஊறுகாயில் உப்பு. அதை மூன்று உறைக்குள் கட்டிப் போட்டாயிற்று. புளி ஒரு உருண்டை இருந்தது. முகாமுக்குத் திரும்பியதும் ஜெரோமுக்குப் புளிக்குழம்பு வைத்துத் தருகிறேன் என்று சொல்லி, அதற்காகவே தொடாமல் வைத்திருந்தேன். முழுவதையும் கெட்டியாகக் கரைத்துச் சக்கரத்தில் ஊற்றினேன். நுரைத்தது! கல் பொங்கிக் கரைந்து வழிந்தது. சக்கரம் ஒரு விரற்கடை திரும்பியது. ஒரே ஒரு விரற்கடை. புளி தீர்ந்துபோனது.

“கொழுந்தனாரே, ஒன் கொழம்ப கல்லு குடிச்சிருச்சு.”
“போவுது மைனி. வண்டி கெளம்பிட்டு.”

பதிவு: நாள் 33, மாலை 4.50
தண்ணீர்: ஏழாம் கோடு.

வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி சுவரில் தட்டிக் குதித்தேன். கொக்கி விழுந்தது, மாட்டியது, இழுத்தது. கூடு முனகியது. எழும்பவில்லை.

கண்ணாடிச் சன்னல் வழியாக அடியில் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. வடித்த தண்ணீரோடு போன துணுக்கு கீழே பற்றிவிட்டது. ஒரு மாதமாக நான் குளித்த தண்ணீரும் இன்னபிறவும் விழும் இடம் அது. விருந்தே கிடைத்திருக்கிறது. நாலு காலையும் வெள்ளைக் கல் முழங்கால் உயரத்துக்குக் கவ்வியிருக்கிறது.

மேலேயிருந்து மூடியை அடித்தான், நெம்பினான். தாழ் உள்பக்கம். பிறகு நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கால்களை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான். சன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மூஞ்சியெல்லாம் வேர்வை. அது சொட்டுச் சொட்டாக ஆற்றில் விழுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் காலடியில் கற்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

“ஏறுய்யா மேல!”
“இன்னும் கொஞ்சந்தான் மைனி!”
“ஜெரோமு, ஒனக்கு ரம்பம் பிடிக்கவே தெரியல. ஒன் பொண்டாட்டி ஒன்னய வச்சு எப்பிடித்தான் தேங்கா ஒடைக்கிறாளோ! முகாம்ல மேடம் அமிலம் வச்சிருக்காகளாம், போய் எடுத்துட்டு வாய்யா. ஆம்பளன்னா ஒரு ஓட்டத்துல போய்ட்டு வா பாப்போம்.”

முறைத்தான். சிரித்தான். ஏறிவிட்டான். மேடத்திடம் அமிலம் ஒரு பீப்பாய் இருப்பது நிஜம். புளி செய்ததை அது நூறு மடங்கு செய்யும். நாளைக் காலை வருவான். தண்ணீர் ஒன்பதைத் தொடுவதற்குள் வந்துவிட்டால் போதும்.

பதிவு: நாள் 34, காலை 5.55
தண்ணீர்: எட்டு.

பேசும் கருவி போய்விட்டது. கையில் பிடித்துப் பிடித்துப் பேசியது, கை ஈரம் முழுக்க அதில்தான். பொத்தானுக்குள் கல் புகுந்துவிட்டது. சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி மட்டும் வேலை செய்கிறது. நான் கேட்கலாம், பேச முடியாது. நம்புத்தாய் வாயை அடைக்க ஒரு கோளே தேவைப்பட்டிருக்கிறது.

கூட்டு நடுவில் இருக்கும் மேடையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். அசையாமல் இருந்தால் வேர்க்காது. சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், எல்லாவற்றிலும் உப்பு. அழவும் கூடாது. ஒரு தடவை மறந்து அழுதேன். தரையில் இருந்த முளையெல்லாம் என் பக்கம் திரும்பின. சூரியகாந்தி திரும்புமே, அப்படி.

பதிவு: நாள் 34, காலை 6.40
ஜெரோம் பேசினான். அப்படியே எழுதுகிறேன்.

“மைனி, அமிலத்த ஏத்திட்டேன், வந்துகிட்டிருக்கேன். ஏன் பேச மாட்டேங்கிய? கோவமா? சரி சரி. முகாம்ல ராத்திரி ஒரே கூத்து, எல்லாரும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. மேடம் அழுதுட்டாவ, என் கையப் புடிச்சுக்கிட்டு. பெறவு மைனி, ஒரு வெசயம். பூட்ஸு கழல மாட்டேங்குது. நேத்து ஆத்துல எறங்குனன்லா, சுத்தி மாவு மாரி வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு. காலு மரத்துப் போயிருக்கு. வந்து காட்டுதேன்.”

கழற்றாதே. வெட்டி எறி. அமிலத்தை முதலில் உன் காலில் ஊற்று. யாரிடமும் போகாதே, யார் கையையும் தொடாதே. சுவரில் அடித்து அடித்துக் கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது. அவனுக்குக் கேட்காது. இங்கே இருக்கும் கல்லுக்குத்தான் கேட்டது.

பதிவு: நாள் 34, காலை 8
தண்ணீர் எட்டரை.

வண்டிச் சத்தம் இல்லை. ஒலிபெருக்கி திறந்தபடி இருக்கிறது. அவன் பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

“மைனி, காலு அசைய மாட்டேங்குது. வண்டிய மணல்ல எறக்கிட்டேன். முகாமக் கூப்புடுதேன், அங்க ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ. நீங்களாவது ஏதாச்சும் பேசுங்க. என்னையக் கிண்டலாவது பண்ணுங்க மைனி.”

கொழுந்தனாரே. கொழுந்தனாரே. உனக்கும் நான் உப்புச் சுற்றிப் போட்டிருக்க

பதிவு: நாள் 34
தண்ணீர் பார்க்கவில்லை. சன்னல் வெள்ளையாகிவிட்டது.

ஒலிபெருக்கியில் ஜெரோம் பேச்சு நின்று நேரமாகிவிட்டது. ஆனால் அது சும்மா இல்லை. பொரி நனையும் சத்தம். முதலில் இங்கே வளர்வதுதான் கேட்கிறது என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

கால் தெரியவில்லை. வலிக்கவில்லை. இதமாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேனா பிடித்த கை வேர்க்கிறது

படிப்பவருக்கு. மேடம் சொன்னது நினைவிருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு வளையம். கல்லை அறுத்து என்னிலிருந்து வெளியே எண்ணிக்கொண்டு போனால் நீங்கள் எத்தனை நாள் பிந்தி வந்தீர்கள் என்று தெரியும். நிறைய இருந்தால் சங்கடப்பட வேண்டாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வெறுங்கையால் எண்ணாதீர்கள். வேர்க்க விடாதீர்கள். எனக்காக யாரும் அழ