தகட்டுக்கு அடியில் மூன்று வரி

கலமசூ, மிச்சிகன்
அக்டோபர் 14

அன்புள்ள மார்கிட்,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம்; ஆக்லாந்தில் நீயும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மேப்பிள் இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது, நான் ஏணியில் ஏறக் கூடாது என்று உத்தரவு.

டேல் ரஸ்க்கை உனக்கு நினைவிருக்கும். 1984-ல் நான் கித்தார்த் தொழிற்சாலையில், நரம்பின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து ஒலியாக்கும் பிக்கப்புக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது அவன் தன் கித்தாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தான். நடு பிக்கப்பில் காந்தத்தை நான் தவறிப்போய்த் தலைகீழாக வைத்துவிட்டேன். பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்தபோது மூக்கால் பாடுகிற மாதிரி மெலிந்த ஒலி வந்தது. வெட்கத்தோடு மாற்றப் போனேன், ஆனால் கேட்டபின் மனம் வரவில்லை. மூன்று வாரம் சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் அதைப் பக்குவப்படுத்திக் கொடுத்தேன். அந்த ஒலியில்தான் அவன் பெயரெடுத்தான், அடுத்த வருடமே அவன் பெயரில் சிக்னேச்சர் மாடல் வந்தது. காந்தத்தைத் திருப்பியது தன் யோசனை என்று பத்திரிகைக்குச் சொன்னான். ஒரு கித்தாரின் குரல் கம்பிச் சுற்றிலும் கழுத்து மரத்திலும் இருக்கிறது, தலையில் போடும் கையெழுத்தில் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை அந்தக் கித்தார் என் மேசைக்கு வந்தபோது முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அடியில் மரத்தின்மேல் பென்சிலால் எழுதினேன்: "இந்த ஒலி வெர்னன் ஹூக்ஸ்ட்ராவின் தவறு. டேல் ரஸ்க் தன்னுடையது என்கிறான். பொய்." எட்டுத் திருகாணியையும் முடுக்கி மூடிவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான். அந்த ஒலியின் ரகசியம் வெளியே போகக் கூடாதென்று அவன் பிறகு யாரையும் அதைத் திறக்கவே விடவில்லை.

இந்த வருடம் கம்பெனி அதே கித்தாரை அச்சு அசலாக நூற்றைம்பது செய்கிறது. இந்த மாதிரிப் பதிப்புகளில் சிகரெட் சுட்ட தழும்பு, பெல்ட் கொக்கி உரசிய கீறல், உள்ளே தொழிலாளி கிறுக்கியது, எல்லாவற்றையும் நகலெடுப்பது வழக்கம். வாங்குகிறவனும் வாசிப்பதற்கு முன்னால் தகட்டைக் கழற்றிப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவான். நானும் அந்த ரகம்தான். ஒரு கீறல்கூட விடமாட்டோம் என்று விளம்பரம் செய்து விற்றும் தீர்த்தபிறகு, அளவெடுக்கத் தகட்டைத் திறந்து என் மூன்று வரியைப் பார்த்திருக்கிறார்கள். போன மாதம் டேல் செர்ரி கேக்கோடு வீட்டுக்கே வந்தான். "என்னப்பா வெர்ன், அது பின்னால விளையாட்டுக்குக் கிறுக்கினதுன்னு ஒரு வரி எழுதிக் குடு, அழிச்சிடறோம்" என்றான். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்கு எதுக்குப்பா பேரு, உன்னை மேடையில ஏத்தினா மைக்குக்குப் பின்னால ஒளிஞ்சுப்பே" என்று சிரித்தான். அடுப்படியிலிருந்து அம்மா, "நாற்பது வருஷம் பல்லைக் கடிச்சாச்சு, இன்னிக்காவது வாயைத் திறங்க" என்றாள். நான் பேனாவை மூடினேன். "நான் விளையாட்டுக்கு எதுவும் எழுதறதில்ல, டேல்" என்றேன். கேக்கை மறந்துவிட்டுப் போனான். நன்றாகத்தான் இருந்தது.

என் மறுப்பு இருக்கும்போது அழித்தால் வாங்கினவர்கள் விடமாட்டார்கள் என்று கம்பெனிக்குப் புரிந்தது. இயந்திரத்தில் அச்சிட்டால் பென்சில் மாதிரி வரவில்லையாம், அதனால் என்னையே கூப்பிட்டார்கள். தினமும் பத்து எழுதுகிறேன், அதே சாய்வு, அதே அழுத்தம். இது அற்பத்தனமோ என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். இருக்கலாம். பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி போனேன். முதல் அறுபது கித்தார்த் தலைகளில் முன்பே கையெழுத்துப் போட்டிருந்த டேல், மீதிக்குப் போட நேற்று வந்தான். எதிரெதிர் மேசை. அவன் போட்டு முடித்தது ஒவ்வொன்றாக என்னிடம் வந்தது. "இன்னும் எத்தனைடா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "எண்பத்தொன்பது. அவசரமில்லை, நிதானமா போடு" என்றேன். நேற்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே. உங்கள் ஊர்க் கடை ஒன்று அறுபத்தொன்றாம் எண்ணை வாங்கியிருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். போய்த் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல். அது டேல் எதிரில் உட்கார்ந்திருந்தபோது எழுதியது. கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெர்னன் ஹூக்ஸ்ட்ரா