மூன்றாவது பப்பில் சாப்பிட்ட மீன்

ஸ்காபரோ, கனடா,
ஒக்டோபர் 14, செவ்வாய்.

அன்பு மகள் நடாஷாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். கடித உறையில் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதமே, ஆனால் நான் என் ஒழுங்கில்தான் சொல்லி வருவேன், பொறுமையாக வாசி. வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம், ஆனால் என் போனை என்னைவிட அம்மாதான் கூடப் பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். தமிழ் வாசிக்க மறந்துவிட்டது என்று சாட்டுச் சொல்லாதே, பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் அஜின்கோர்ட் தமிழ் வகுப்புக்கு உன்னை ஏற்றி இறக்கியவன் நான்.

முதலில் வீட்டுப் புதினம். தம்பி மாக்கஸ் அயர்லாந்தில் ஐந்து நாள் கார் ஓடியதில் பழகிப்போய், போன மாதம் பிறம்ரனில் வேலை முடிந்து வரும்போது இடது பக்கத்தில் ஏறிவிட்டான், ஒரு லொறிக்காரன் ஹோன் அடித்துக் காப்பாற்றினான், அம்மாவுக்குச் சொல்லவில்லை. என் முழங்கால் பழையபடிதான். அம்மா இப்போது மிசிசாகாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதை எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். நாங்கள் எடுத்த கடற்கரைப் படங்களை அவள் கோயிலடியில் எல்லோருக்கும் காட்டி முடித்துவிட்டாள், கடைசியில் வேரோனிக்கா அன்ரி உன் பட்டமளிப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க, வருகிற ஜூனில் பெரிய விருந்து என்று தீர்மானமாகிவிட்டது. நவம்பர் முதல் சனிக்கிழமை இரண்டு பேருமாக விருந்துக்கு ஹோல் பார்க்கப் போகிறார்கள். அழைப்புக் கார்ட்டில் உன் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று தமிழில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் எழும்பிப் போய்க் குப்பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டு வந்தேன். அன்று குப்பை எடுக்கிற நாளே இல்லை.

இனி ஆகஸ்டில் உன்னைப் பார்க்க அயர்லாந்துக்கு வந்த அந்தப் பயணத்துக்கு வருகிறேன். உங்கள் கடற்கரையில் ஆடுகளும் கல்மதில்களும் தவிர ஒன்றும் இல்லை, ஒதுங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் பப்தான் கதி என்று நீ முதலே சொல்லியிருந்தாய், அம்மாவும் மதுக்கடைக்குள் காலே வைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, முதல் பப்பில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தன் பிளாஸ்க் தேநீரைக் குடித்துக்கொண்டு பருத்தித்துறை வடை தின்றாள். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போனதும் நீ எங்களோடு கதைத்துக்கொண்டே அந்த மேசையிலிருந்த நாலு வெறும் கிளாசையும் ஒரு கையில் தூக்கிக் கொண்டுபோய் கவுண்டரில் வைத்தாய். உனக்கே தெரியாமல் செய்தாய். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு அப்படித் தூக்க வராது. அடுத்த நாள் நாங்கள் தங்கிய வீட்டின் குசினியில் அம்மா முட்டை பொரித்துக்கொண்டு நின்றபோது, நீ அவளுக்குப் பின்னால் தட்டோடு போகையில் "பிஹைண்ட்" என்றாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் இருபத்தேழு வருடம் டவுன்ரவுனில் ஒரு பப்பின் குசினியில் நின்றவன் பிள்ளை, சுடுசட்டியோடு ஆள் முட்டாமலிருக்க ஒரு நாளைக்கு இருநூறு தரம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரி வார்ட்டில் யாரும் அப்படிச் சொல்லுவதாக நான் அறியவில்லை. ஆகஸ்ட் வெயிலிலும் நீ முழுக்கைச் சட்டையைக் கழற்றாததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு தரம் கையை மடித்தாய், உள்பக்கம் குறுக்காக ஒரு சூட்டுக்கோடு. ஆஸ்பத்திரியில் கருவி அவிக்கிற மெஷினில் பட்டது என்றாய். எனக்கு அதே இடத்தில் ஆறு கோடு இருக்கிறது, எல்லாம் குசினி அவணின் சுடுதட்டு கீறியது, சின்னதில் மடியில் இருந்து அவற்றை எண்ணிப் பார்த்தவள் நீ.

அம்மாவுக்கும் சந்தேகம் இருந்தது, ஆனால் அவளுடையது வேறு ரகம். அடிக்கடி வெளியே போய் போன் கதைக்கிறாய் என்று கண்டு, உவள் ஆரையோ பிடிச்சு வைச்சிருக்கிறாள், கேட்டால் சொல்லாள், நீங்கள் கேளுங்கோ என்று என்னைப் படுக்கவிடாமல் அரித்தாள். அவள் நினைப்பதுதான் உண்மையாக இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். வெள்ளைக்காரப் பொடியன் என்றாலும் பரவாயில்லை என்று மனதுக்குள் சம்மதம்கூடக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், தரை முடிகிற இடத்தில் அந்தச் சின்ன ஊர். அங்கே நிற்க வேண்டாம் என்று நீதான் சொன்னாய். அங்க ஒண்டும் நல்லா இராது, அடுத்த ஊருக்குப் போவம் என்றாய். ஆனால் அம்மாவுக்கு ஒன்றுக்கு வந்து அடக்க முடியாமல் போய்விட்டது, மாக்கஸும் காரைத் திருப்பிவிட்டான். அந்த மூன்றாவது பப்புக்குள் போனதும் கவுண்டரில் நின்ற தாடிக்காரன் உன்னைக் கண்டு வாய் திறந்தான், நீ இலேசாகத் தலையை ஆட்டியதும் மூடிக்கொண்டான். இவன்தான் ஆள் என்று அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நீ மெனுவைத் திறக்கவே இல்லை. அம்மாவுக்கும் மாக்கஸுக்கும் சூப், அப்பாவுக்கு மீன் என்று சொல்லிவிட்டாய். தட்டு வந்தது. முதலில் எலுமிச்சையைத்தான் பார்த்தேன். நெடுக்காக வெட்டி, நடு நாரைச் சீவி, விதையைத் தட்டிவிட்டு வைத்திருந்தது. நான் அப்படித்தான் வெட்டுவேன். சரி, வேறு யாரும் அப்படி வெட்டலாம்தானே என்று மீனை ஒரு கடி கடித்தேன். அரிசிமா கலந்த கரகரப்பு, அதற்குப் பின்னால் மெல்லிதாக வறுத்த பெருஞ்சீரகம். இருபத்தேழு வருடத்தில் என் முதலாளிக்குக்கூட நான் சொல்லாதது அது, மாவில் ஊற்றுகிற பியரின் வாசம் என்றுதான் அந்த மனுசன் நினைத்துக்கொண்டிருந்தான். உனக்கும் நான் காட்டித் தரவில்லை. லீவு நாட்களில் உன்னைப் பின்கதவடியில் கவிழ்த்த வாளியில் இருத்தி, புத்தகத்தைப் பார், இங்கே பார்க்காதே என்று சொன்னது மட்டும் எனக்கு நல்ல ஞாபகம். குசினிக் கதவால் ஒரு பெண் எட்டி எங்கள் மேசையைப் பார்த்தாள். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான், உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ எழும்பிப் போய் அந்தக் கடல்மதிலடியில் ஜாக்கெட் இல்லாமல் நின்றாய். பாத்தியளே, போன் கதைக்கப் போறாள் என்றாள் அம்மா. உன் போன் மேசையில் என் முன்னால் கிடந்தது.

வந்த நாளிலிருந்து இதையேதான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன், இப்போது ஒரு புதுச் சந்தேகமும் சேர்ந்துவிட்டது. அன்று காலை அம்மாவின் பிளாஸ்கை நிரப்பி, குளிருது, குடியுங்கோ அம்மா என்று வழிநெடுக ஊற்றிக் கொடுத்தது யார்? அடுத்த ஒதுங்குமிடம் நாற்பது கிலோமீற்றர் என்று மாக்கஸுக்குச் சொன்னது யார்? அங்கே நிற்க வேண்டாம் என்று சொன்ன நீ இரண்டாம் தரம் சொல்லவில்லை. உன்னைப் பெற்றவனுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் நீ ஏழு தரம் சொல்லுவாய். நீயாகத்தான் எங்களை அங்கே கொண்டுபோனாய் என்று நினைக்கிறேன். வாயால் சொல்ல முடியாததைத் தட்டில் வைத்துத் தந்தாய், நான் அதைத் தள்ளி வைத்தேன்.

அந்தப் பப்பின் பில்லின் அடியில் இருந்த முகவரியைத்தான் உறையில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்திருந்தால், நீ அந்தக் குசினியில்தான் வேலைக்கு நிற்கிறாய் என்ற என் சந்தேகம் சரி. எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீ ஒருநாளும் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் நான் அந்த அடுப்பின் முன்னால் நின்றேன். படிப்பை நீ விட்டாயா, அது உன்னை விட்டதா, எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரிய வேண்டும், இதற்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பொய் எங்கே பழகினாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கோயிலில் எல்லோருக்கும் நான் ரெஸ்ரோறன்ற் மனேஜர். உன் பள்ளிக்கூடப் படிவத்திலும் அப்படித்தான் எழுதினேன், உனக்கு எட்டு வயது, பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு என் கையைப் பார்த்தாய். ஹோல் பார்க்கப் போகும் அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நீயே அம்மாவுக்கு போன் எடுத்துச் சொல்லிவிடு. நான் சொல்லமாட்டேன், அவள் அழுதால் பக்கத்தில் இருப்பேன்.

அதுவரை, அடி வழுக்காத சப்பாத்துப் போடு, கொதியெண்ணெயைத் தனியாகத் தூக்காதே, முழங்காலை இப்போதே கவனி, நிற்கிற இடத்தில் ரப்பர் பாய் போடச் சொல்லிக் கேள். படுக்க முதல் செபம் சொல்ல மறக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பாளாக. இன்னுமொன்று, அன்று மேசையில் நான் சொன்னது பொய். மீனில் உப்பு அளவாகத்தான் இருந்தது.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
மரியரட்ணம்