மூன்றாம் வகை

அன்புள்ள தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

அப்பாவுக்கு மருந்து தொடங்குமுன், அவர் உடம்பில் இருக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் எந்த மரபணு வகை என்று பார்க்க, ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. மூன்றாம் வகை. உன் பழைய ரிப்போர்ட்டில் இருப்பதோ முதல் வகை. நம்பாமல் இன்னொரு தடவையும் சோதித்துப் பார்த்தேன், அதேதான்.

வகை வேறு என்றால் தொற்று வந்த இடமும் வேறு; உன்னிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று நாங்கள் சொன்னது தப்பு.

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனை எதுக்கும்மா வீட்டைவிட்டு அனுப்புனோம்?" என்று கேட்டார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

உன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தவள் நான்தான். அதிலெல்லாம் இது பரவாது என்று, இந்த வேலையில் இருக்கும் எனக்கு அன்றைக்கே தெரியும்.

வா என்று கூப்பிட வாய் வராத,
அக்கா