சட்டை ஒன்று, காரணம் பதினொன்று

மார்ச் 3, செவ்வாய்

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கூண்டு ஏழாவது மாடியில் முனகினால், கீழே நின்றபடியே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எங்கள் மேனேஜரே ஒருமுறை என் காதைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குள்ள என்னய்யா வச்சிருக்கே?" என்று கேட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, மூன்று பேர் இருக்கும் வீட்டில் நடப்பது தெரியாமலா போகும்?

மூன்று பேர் என்றால் நான், என் அக்கா, அக்கா மகள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாப்பா எங்கள் மூவருக்கும் சேர்த்துப் படித்துவிட்டாள். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு முறை வைத்து டோக்கன் கொடுக்கிற மென்பொருள் எழுதுகிறாள். பதினாலு வருஷமாக அதுதான் உத்தியோகம். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை கதை எழுதுவாள். ஒன்பதரைக்கு மேல் கம்பெனிக்கு எழுதுவாள். இரண்டு புத்தகம் வந்துவிட்டது. இரண்டாவதற்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் என் பேரைச் சொல்லவில்லை, நேரம் இருந்திருக்காது. அவளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்றே ஸ்க்ரூடிரைவரால் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டியவன் நான். திரும்ப மூட வரவில்லை, அது வேறு விஷயம். திறக்காமல் ஆர்வம் எப்படி வரும்?

இன்று மதியம் சாப்பிடும்போது, "மாமா, அப்பா விழுந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்" என்றாள். ஒரே மாதத்தில் இது நாலாவது வாட்டி. சொன்னேன். மழை, இடி எல்லாம் வைத்து நன்றாகவே சொன்னேன். முடித்துவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால், மேசையில் கவிழ்ந்து கிடந்த போனை அவள் திருப்புகிறாள். திரையில் நிமிஷம் ஓடுகிறது. இருபத்திரண்டு.

என் பேச்சைப் பதிவு செய்கிறாள். எதற்கு?

மார்ச் 4, புதன்

இன்றும் போன் கவிழ்ந்தே கிடந்தது. நான் வானிலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

மார்ச் 6, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு அவளுடைய கம்பெனி ஆட்கள் எல்லாரும் கணினியில் கூடி, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒப்பிப்பார்கள். நான் அந்தப் பக்கம் ஜன்னல் துடைக்கப் போனேன். (துடைக்க வேண்டிய ஜன்னல்தான்.) பாப்பா சொல்கிறாள்: "நேத்து முழுக்க ஒரு பழைய தப்பைத் தேடிட்டு இருந்தேன். ரொம்ப வருஷமா உள்ளேயே ஒளிஞ்சிருந்திருக்கு. யார் பண்ணதுன்னு தெரிஞ்சிடுச்சு. ஆளு இன்னும் நம்மகூடத்தான் இருக்காரு." எல்லாரும் சிரிக்கிறார்கள்.

என் கையிலிருந்த துணி தெருவில் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன். "யாரும்மா அந்த ஆளு?"

"எங்க டீம் லீடர் மாமா. எட்டு வருஷம் முன்னாடி தேதியைத் தப்பா போட்டு வச்சிருக்காரு. எங்க வேலையில எந்த வரியை யார் எழுதினா, எப்ப மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவாகியிருக்கும். கதையையும் நான் அப்படித்தான் வச்சிருக்கேன். அழிச்சாலும் பழசு போகாது."

டீம் லீடராம். நம்ப வேண்டுமாம். அழித்தாலும் போகாது என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்வானேன்?

மார்ச் 9, திங்கள்

ஒட்டடைக்குச்சி போன் செய்தான். என்னோடு வேலை பார்த்தவன், மேலே ஆறடி, குறுக்கே அரையடி. யார் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் தாளில் குறித்து ஒட்டுவது அவன் வேலை.

"டேய், உன் மருமக எனக்குப் போன் பண்ணுச்சுடா. பாக்கெட்ல பேர் தைச்ச சட்டை ஆளுக்கு எத்தனை குடுப்பாங்கன்னு கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டுன்னேன். வேற மூச்சு விடலை. கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று சொல்கிறவனை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும்.

இங்கே எழுதி வைக்கிறேன், இந்த நோட்டை நான் அலமாரிக்குப் பின்னால் வைப்பதால். எங்கள் கம்பெனியிலேயே மெக்கானிக்காக இருந்த அத்தான் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்த அன்று அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டியது யார் என்பது ஒட்டடைக்குச்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. அத்தான் போன மறுவாரம் ஒரு பெட்டியோடு இங்கே வந்தவன், இருபத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

அக்காவும் இதில் கூட்டா? இன்று குழாய் ரிப்பேர்க்காரரைக் கன்னாபின்னாவென்று திட்டினாள், வாஷர் போடாமல் முடுக்கிவிட்டார் என்று. அவர் கிளம்பியதும் செருப்புகூடப் போடாமல் வாசல்வரை ஓடி, "பாத்துப் போங்க, வண்டியெல்லாம் வரும்" என்றாள். யாரைத் திட்டினாலும் இப்படித்தான். இருபத்தொன்பது வருஷமாக.

திரும்பி வந்து என்னிடம், "லீவு நாள்ல வீட்ல இருந்த மனுஷனை, எந்நேரமும் பேப்பரை விரிச்சுட்டு உக்காந்திருக்கீங்களேன்னு துரத்திவிட்டேன்டா. அந்தக் கோவத்துல வேலைக்குப் போயிட்டாரு. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா..." என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லைக்கா" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். வழக்கம்போல எழுந்து வந்துவிட்டேன்.

இதை இன்று ஏன் சொன்னாள்? யாராவது கிளறிவிட்டார்களா?

மார்ச் 14, சனி

பாப்பா பால் வாங்கப் போன சமயம் அவள் அறைக்குள் போனேன். உளவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் பெரியவன் ஒருவன் இருந்தால் சுற்றிப் பார்க்கத்தான் செய்வான்.

கணினித் திரையில் என் பேச்சு! எழுத்துக்கு எழுத்து நான் சொன்னதுதான், "அட, கேளு கதையை" உட்பட. மேலே "மாமா – 10" என்று தலைப்பு. இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒரு பக்கம் முன்பு சொன்னது, இன்னொரு பக்கம் பிறகு சொன்னது. நான் விட்டுவிட்ட வரிகள் சிவப்பில், புதிதாகச் சேர்த்தவை பச்சையில். திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சிக்னல் விளக்கு மாதிரி. நடுவில் ஒரே ஒரு வரி எந்த நிறமும் இல்லாமல் கிடந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் செருப்புச் சத்தம்.

"என்ன மாமா இங்க?"

"பல்பு எரியுதான்னு பாக்க வந்தேன்."

பகல் பதினொரு மணி. எரிந்துகொண்டுதான் இருந்தது, நல்லவேளை.

மார்ச் 15, ஞாயிறு

பொறி வைத்தேன். யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சேர்த்தால், அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? நானே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அன்று லிஃப்டுக்குள் ஒரு மந்திரி மாட்டிக்கொண்டார் என்றேன். அவரை நான் தோளில் தூக்கி வெளியே எடுத்தேன், அவர் அழுதுவிட்டார், "உன்னை மாதிரி ஆளுதான் நாட்டுக்கு வேணும்" என்றார். சமையலறையிலிருந்து அக்கா, "போன வருஷம்வரைக்கும் மந்திரி இல்லையேடா!" என்றாள்.

பாப்பா சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் வேகத்தில், "அத்தான் சட்டையில கிரீஸ் கொட்டிடுச்சு, அதனால என் சட்டையைப் போட்டிருந்தார்" என்றேன். அப்போதுதான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

அதை ஏன் சொன்னேன்? யார் கேட்டார்கள்?

மார்ச் 20, வெள்ளி

தாங்க முடியவில்லை. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். "என்ன பாப்பா, மாமனை வச்சுப் புத்தகம் போடறியா? இல்ல கேஸ் போடறியா?"

"அப்பாவைப் பத்தி எழுதறேன் மாமா. உக்காருங்க."

திரையை என் பக்கம் திருப்பினாள். "பதினொரு தடவை சொல்லியிருக்கீங்க. ஆறுல மழை, அஞ்சுல வெயில். மாடி நாலுலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஏறியிருக்கு. மந்திரி ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயிட்டாரு."

"கதைன்னா வளரத்தான் செய்யும்."

"வளரட்டும். இந்த ஒரு வரி மட்டும் வளரவே இல்லை பாருங்க. 'அவர் என் சட்டையைப் போட்டிருந்தார்.' பதினொண்ணுலயும் இருக்கு. ஏன் போட்டிருந்தார்ங்கறது மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற. நனைஞ்சிடுச்சு, கிழிஞ்சிடுச்சு, பட்டன் இல்லை, கிரீஸ். காரணம் பதினொண்ணு மாமா. சட்டை ஒண்ணுதான்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வேலையில நாங்க இப்படித்தான் தேடுவோம். மாறிட்டே இருக்கறதை விட்டுட்டு, எது மாறாம இருக்கோ அங்க போய் நிப்போம். ஆளுக்கு ரெண்டு சட்டை, அப்பாகிட்டயே இன்னொண்ணு இருந்திருக்கும். ஆனா போட்டிருந்தது பேர் தைச்ச சட்டை. உங்க பேர். அன்னைக்கு முறை உங்களோடதுதானே?"

ஆயிரம் பதில் இருந்தது என்னிடம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"பதிப்பாளர் ஜூன்ல கேக்கறாரு. நீங்க வேணாம்னா இந்த அத்தியாயம் இருக்காது. புத்தகம் பெருசில்லை. அம்மா, தான்தான் அப்பாவை அனுப்பி வச்சதா நினைச்சு நினைச்சே வயசாயிட்டாங்க. அதை நான் போய்ச் சொல்ல முடியாது மாமா. நான் சொன்னா அது வெறும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சது."

மார்ச் 21, சனி

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அன்று வெயில்தான். மழை இல்லை. ஆறு மாடிக் கட்டடம். மந்திரி இல்லை.

காலை பத்து மணிக்கு அத்தான் என் அறைக்கு வந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "உங்க அக்கா துரத்திவிட்டுட்டா மாப்ளே, ஒரு டீ போடு" என்று சிரித்தார். கோபம் இல்லை. நான் அப்போதும் பாயில்தான் கிடந்தேன். வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "உடம்பு சரியில்லை அத்தான்" என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழ மனசில்லை, அவ்வளவுதான். அதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அது அவருக்குத் தெரியும்.

ஆணியில் தொங்கிய என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ தூங்கு. பேரு உன்னுது, வேலை என்னுது" என்றார்.

அந்தக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக் கதவின் பூட்டு கெட்டிருந்தது. கூண்டு வந்து நிற்காவிட்டாலும் கதவு திறக்கும். பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். அவர் வேறு கட்டடத்து ஆள், அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் தூக்கம் கலைந்துவிடும் என்று திரும்பிப் படுத்தேன்.

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சொல்லிவிட்டேன். அக்கா காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. பூட்டு விஷயத்துக்கு வந்தபோது மட்டும் கை நின்றது.

மடித்த துணியை மறுபடி பிரித்தபடி, "அப்ப அவரு என்மேல கோவமா போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா. சிரிச்சுட்டுத்தான் வந்தார். பாட்டெல்லாம் முணுமுணுத்துட்டு."

"இதுவும் கதையா?"

"இல்லைக்கா."

"ஒவ்வொரு வருஷமும் நான் அழுதப்ப எல்லாம் பக்கத்துலதானடா இருந்தே? பாத்துட்டுத்தானே இருந்தே?"

ஆமாம் என்றேன்.

துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 4, சனி

பேசவில்லை. தட்டு மட்டும் மேசையில் இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

பேசவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். தூசி துடைக்க நான் தேடிய துணியைப் பாப்பா எங்கோ ஒளித்துவிட்டாள் என்று சந்தேகம்.

ஏப்ரல் 13, திங்கள்

மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை அக்கா திட்டினாள், செருப்போடு உள்ளே வந்ததற்கு. அவர் போனார். அக்கா வாசலுக்குப் போகவில்லை. உட்கார்ந்து காபி குடித்தாள்.

நான் கவனித்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 25, சனி

பாப்பா கம்பெனியில் பேசி வாரம் மூன்று நாள் வேலை என்று ஆக்கிக்கொண்டுவிட்டாள். மீதி நாள் எழுத்துக்கு. நான் சம்மதித்துச் சொன்னதை வைத்து எழுதிய, அப்பாவைப் பற்றிய அத்தியாயத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தாள். யார் படிக்க என்று சொல்லவில்லை.

மதியம் அறையைவிட்டு வந்தபோது அக்கா அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பப் போனேன்.

"டேய்."

இருபத்து மூன்று நாளைக்குப் பிறகு.

"பாட்டு முணுமுணுத்துட்டு வந்தார்னு எழுதியிருக்கா. என்ன பாட்டுன்னு போடலையே. என்ன பாட்டுடா?"

அத்தான் பாடுகிற பாட்டு எனக்கு நாற்பது தெரியும், அன்றைக்கு எது என்பதைத் தவிர. அக்காவுக்குப் பிடித்தது எது என்பதும் தெரியும். அதைச் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று கண்ணெதிரே தெரிந்தது.

"ஞாபகம் இல்லைக்கா" என்றேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியில் இருந்த தாள்களை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"சரி, உக்காரு" என்றாள்.