ஏழாம் இலக்கத்தின் நான்கு முன்பற்கள்

அனுப்புநர்:
கந்தப்பன் புஷ்பம்,
3ஆம் லயம், மேற்பிரிவு (இப்போது இல்லை),
தற்போது: பாடசாலை முகாம்,
வெள்ளிக்கல் தோட்டம், ஹல்துமுல்லை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், பதுளை.

பொருள்: அடையாளம் தெரியாதவர் என்று புதைக்கப்பட்ட ஏழாம் இலக்கப் பிரேதத்தின் பற்களைப் பரிசோதிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த 04.11.2024 காலை எங்கள் லய வீடுகளின் மேல் மண் சரிந்தது. நான் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தேன். இரவு வேலை முடித்து வந்து தூங்கிய என் கணவர் கந்தப்பன் (வயது 54) மண்ணுக்குள் போனார்.

2. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தொழிற்சாலையில் இயந்திரத்தின் கைப்பிடி அடித்து அவருக்கு மேல் முன்பல் இரண்டு போய்விட்டன. அன்று முதல் சிரிக்கும்போதெல்லாம் கை வாயை மூடிக்கொள்ளும். எங்கள் மகள் மேனுஷாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானதும், ஓட்டை வாயோடு போட்டோவில் நிற்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பண்டாரவளையில் பல் வைத்தியர் நிப்லா அவர்கள், இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பல்லை அராவி, நான்கு பல்லும் ஒன்றாய்ச் சேர்ந்த பிரிட்ஜ் ஒன்றை 24.10.2024 அன்று ஒட்டினார். வீட்டுக்கு வந்தவரை, யாரோ வேற்று ஆள் வந்திருக்காரு என்று நான்தான் கேலி செய்தேன். புதுப் பல் உடைந்துவிடும் என்று தீபாவளிக்கு ஒரு முறுக்குக் கூடக் கடிக்க விடவில்லை.

3. சரிந்த அன்றே பொலிஸில் அடையாளம் கேட்டார்கள். முன்பல் இரண்டும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். பதினொரு நாள் பல்லை விட இருபத்திரண்டு வருட ஓட்டைதான் என் வாயில் வந்தது. எழுதியவர் மேல் பிழை இல்லை, பிழை என்னுடையது.

4. 07.11.2024 அன்று பிரேத அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏழாம் இலக்கத்துக்கு முகம் சிதைந்துவிட்டது, ஆனால் முன்பல் எல்லாம் முழுதாக, வெள்ளையாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் எங்கள் ஆள் இல்லை, துணியை விலக்க வேண்டாம் என்றேன். அதற்கும் கையெழுத்திட்டேன். வேறு எவரும் கேட்டு வராததால் மூன்றாம் நாள் பொது மயானத்தில் புதைத்துவிட்டார்கள்.

5. 15.11.2024 அன்று டாக்டர் நிப்லா தொலைபேசியில் அழைத்து, பிரிட்ஜைப் பார்க்க நேற்று வரச் சொல்லியிருந்தேனே, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைப் பிடித்தபடி முகாம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

6. அன்றிலிருந்து பொலிஸுக்கு நான்கு தடவை அலைந்துவிட்டேன். முதலில் இல்லை என்று கையெழுத்திட்டவள் இப்போது ஆம் என்றால் எப்படி, மாற்றி மாற்றிப் பேசாதே அம்மா என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்னை வைதாலும் பரவாயில்லை, அந்த வாயைத் திறந்து பார்ப்பதற்கு என்ன? வெள்ளைச் சாந்தில் வார்த்த அவருடைய பல் அச்சும் எக்ஸ்ரேயும் டாக்டரிடம் இருக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் கொண்டு வந்து சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கடிதத்தை இணைத்துள்ளேன்.

7. இன்றைக்கும் அவர் பெயர் காணாமற்போனோர் பட்டியலில்தான். கருமாதி செய்ய முடியவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அப்பாவைப் பார்க்காமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்கிறாள் மேனுஷா.

8. நட்டஈடு கேட்டு இதை நான் எழுதவில்லை. நீதவானின் அனுமதி பெற்று அந்தக் குழியைத் தோண்டி, அச்சோடு பல்லை ஒப்பிட்டுப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். இவர் இல்லை என்று கையெழுத்திட்டது இந்தக் கைதான் ஐயா. இவர்தான் என்று ஒரு கையெழுத்துப் போட இந்தக் கைக்கு இடம் கொடுங்கள்.

இடம்: ஹல்துமுல்லை
திகதி: 02.12.2024

இப்படிக்கு,
க. புஷ்பம்
(கந்தப்பனின் மனைவி)