எனக்கு முதலில் சொல்லாத தண்ணீர்ச் சேதி

இன்று காலை கடையில் வெள்ளரிப்பழக் கூடைகள் வந்து இறங்கின. ஒரு பழம் வழியிலேயே வெடித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. போய்ச் சேர்ந்தவனோடு என்னடா சண்டை என்று கேட்காதே. உன்னோடு என் சண்டை இன்னும் தீரவில்லை.

பழம் கொண்டுவந்தவன் மாரிமுத்து. கொள்ளிடத்து நடுத்திட்டில் எனக்குப் போட்டியாக வெள்ளரி போட்டானே, அவனேதான். கூடையை இறக்கிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயா இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கவலை இல்லீங்க பாய். மேல தண்ணி தெறந்தா மொதல்ல எனக்குத்தான் வந்து சொல்லுவாரு" என்றான்.

நான் கூடைகளைத் தள்ளி வைக்கிற பாவனையில் திரும்பிக்கொண்டேன். அவன் பொய் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் எரிகிறது.

மேட்டூர் அணை கட்டி முடிக்காத காலம் அது. மைசூர்ச் சீமையில் மழையா, அங்கே அணையைத் திறந்தார்களா என்பது தண்ணீர் வந்து காலை நனைத்த பிறகுதான் நமக்குத் தெரியும். அப்புறம் இரண்டு சர்க்காரும் பேசி, அங்கே அளந்தது இங்கேயும் இங்கே அளந்தது அங்கேயும் தெரியவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு ஆபீசில் அந்த வேலை உன் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நீ தாவிப் பிடித்துக்கொண்டாய். விடிந்ததும் மதகுச் சுவரிலிருக்கும் அளவுக்கல்லைப் பார்ப்பாய். மைசூருக்குத் தந்தி அடிப்பாய். அங்கிருந்து வருகிற தந்தியைத் தமிழில் எழுதி, ஆபீஸ் வாசலில் கரும்பலகையில் போடுவாய்.

அந்தப் பலகையைக் கண்டாலே எனக்கு ஆகாது. உன் மேலதிகாரிக்கும் ஆகாது. சர்க்கார் விஷயத்தை ரஸ்தாவில் எழுதிவைப்பானேன் என்று முறைத்தாராமே. "தண்ணி அவா காலடிக்குத்தானே சார் வரப்போறது" என்று சொல்லிவிட்டு நீ சாக்கட்டியை எடுத்தாயாம். ஆபீஸ் சேவகன் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான். எனக்குப் பெருமையாக இல்லை. என் பங்கையும் சேர்த்து ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டதாகத்தான் இருந்தது.

என் பங்கைப் பிடுங்கியவர்களில், அங்கிருந்து தந்தி அடிக்கிற மைசூர்க்காரர் இன்னொருவர். முகம் பார்த்திராத மனிதர். வாரம் ஒருமுறை தபாலில் வரும் அளவுத் தாளில் எழுத்து கோணியிருந்தால், "பாவம்டா காதர், மனுஷருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு" என்று உருகுவாய். நான் மலேரியாவில் கிடந்தபோது நீ வந்து பார்த்தது ஜுரம் இறங்கிய பிறகு. அதைச் சொல்லிக் காட்டினால், "நீ இங்கேதானே இருக்கே, எங்கே போயிடப்போறே" என்று சிரித்தாய். கிட்டே இருக்கிறவனுக்கு உன்னிடம் அவ்வளவுதான் மரியாதை.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"பலகையில எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடா கொறைஞ்சு போயிடும்? காய் ஏத்த நாலு வண்டியைப் பேசி வச்சுக்குவேன்ல?"

"உனக்கு மட்டும் சொன்னா அதுக்குப் பேர் சிநேகம். எழுதிப் போட்டாத்தான் அது சேதி."

"அப்ப சிநேகம் வேணாங்கிறியா?"

"சிநேகத்துக்கு வெள்ளரிப்பழம் கொண்டு வரியே, அது போறும்" என்று நறுக்கின துண்டை வாயில் போட்டுக்கொண்டாய். உன் வாயை அடைக்க ஆள் பிறக்கவில்லை.

அந்தப் பங்குனியை நீ மறந்திருக்க மாட்டாய். மைசூர் அணையில் மதகைப் பழுது பார்ப்பதற்காக, தேக்கியிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். காவிரிப் பக்கம் கால்வாய் மராமத்து நடந்துகொண்டிருந்ததால் வருகிற தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில்தான் இறங்கவேண்டும். மணலில் காய் பழுக்கிற சமயம். வீட்டு நகையை அடகு வைத்துத்தான் அந்த வருஷம் கொடி போட்டிருந்தேன்; அதுவும் உனக்குத் தெரியும்.

நான் கரையோர மணலில் என் வெள்ளரிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். நீ கரைமேல் சைக்கிளில் வந்தாய். வேஷ்டி முழங்காலுக்கு ஏறியிருந்தது. வந்த வேகத்திலேயே தந்திச் சேதி என்று புரிந்துவிட்டது. கடைசியில் எனக்கென்று ஓடி வருகிறான் என்று என் மனசு குளிர்ந்தது. கையைத் தூக்கினேன். நீயும் கையைத் தூக்கினாய். நிற்காமல் என்னைத் தாண்டிப் போனாய். சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு, சுடுமணலில் தத்தித் தத்தி மாரிமுத்துவின் குடிசைக்குப் போனாய்.

நீ திரும்பி என்னிடம் வருவதற்குள் அக்கம்பக்கத்து மாட்டுவண்டிகளை அவன் பிடித்துவிட்டான். மண்ணச்சநல்லூர் வரை ஆளனுப்பிப் பார்த்தேன். அரிசி மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்றும் வரவில்லை. பாதிக் காயைத்தான் கரையேற்ற முடிந்தது.

"என்னைத் தாண்டித்தானேடா போனே?"

"நீ கரையோரம். அவன் பொண்டாட்டி, பிள்ளையோட நடுத்திட்டுல படுத்திண்டிருக்கான். தண்ணி யாரை முதல்ல தொடுமோ, அவாளுக்குத்தான் முதல்ல."

நியாயம்தான். ஆனால் உன்னிடம் நியாயம் கேட்டு வந்தவனா நான்? கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, உன் புளியோதரையை நானும் என் மாம்பழத்தை நீயும் தின்று வளர்ந்தவனுக்கும் மாரிமுத்துவுக்கும் ஒரே தராசா? மணலில் தண்ணீர் ஏறியபோது நீயும் வந்து முழங்கால் ஆழத்தில் நின்று மிதக்கிற பழங்களை என்னோடு துரத்தினாய். அதிலும் பாதியில், அளவு பார்க்க நேரமாகிவிட்டதென்று ஈர வேஷ்டியோடு ஓடிவிட்டாய். அதற்கப்புறம் எத்தனையோ தண்ணீர் வந்தது. ஒருமுறைகூட எனக்கு முதலில் சொல்லவில்லை.

போன மார்கழியில் உன் மைத்துனன் ஸ்ரீரங்கத்திலிருந்து கடைக்கு வந்தான். நான் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன்.

"அத்திம்பேர் ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்" என்றான். காலமானதை உங்கள் வீடுகளில் இப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புரியாதவன் மாதிரி அவனையே பார்த்தேன்.

"அக்கா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லச் சொன்னா. அவர் நேத்தே சொல்லி வச்சுட்டாராம், காதருக்கு முதல்ல, அப்புறம்தான் மத்தவாளுக்குன்னு. நீங்க கொள்ளிடத்துக்காராளுக்கெல்லாம் சொல்லிடணும். மைசூருக்கும் ஒரு தந்தி அடிச்சுடணும்" என்று சொல்லிவிட்டு, சடங்கு செய்ய வாத்தியாரைக் கூட்டிவர ஓடினான்.

நான் உடனே போகவில்லை. கதவை மறுபடி சாத்திவிட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். வெளியே கடைவீதி பேரம் பேசிக்கொண்டிருந்தது. நடுத்திட்டில் மாரிமுத்து கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். மைசூர்க்காரர் உன் தந்தி வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கெல்லாம் நீ இன்னும் உயிரோடுதான் இருந்தாய். எனக்கு மட்டும்தான் நீ செத்திருந்தாய். நீயாக இருந்தால் அந்த நிமிஷமே பலகையில் எழுதிப் போட்டிருப்பாய். அந்தச் சேதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அழுது முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

காலையில் மாரிமுத்து தனக்குத்தான் முதலில் சொல்வாய் என்றபோது உன் கடைசிச் சேதி எனக்குத்தான் முதலில் வந்தது என்று எடுத்து அவன் முகத்தில் வீசியிருக்கலாம். வீசவில்லை. சொன்னால் இதிலும் அவனுக்குப் பங்கு போய்விடும்.